காசு கட்டித் தேடுகிறவர்

கடைத்தெருவில் அவரைப் பேராசிரியர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கல்லூரிப் பக்கமும் அவர் எட்டிப் பார்த்தது கிடையாது. பூட்டுக் கடை வைத்திருப்பவர். வீட்டுச் சாவிக்கு இன்னொரு சாவி வெட்டித் தரச் சொல்லி யாராவது வந்துவிட்டால் போதும், வெட்டி முடிப்பதற்குள் உலகம் எப்படியெல்லாம் கெட்டுப்போயிற்று என்று முழுசாகப் பாடம் எடுத்துவிடுவார். சாவி வெட்டும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் பாதி காதில் விழாது என்பதால் வந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பாதியையும் சேர்த்துக் கேட்டாக வேண்டிய தலையெழுத்து அவர் மனைவிக்கு. கல்லாவில் உட்கார்ந்து போனை எடுப்பது, பில் போடுவது, சாமான் வரவழைப்பது எல்லாம் அவள்தான். போன் அடித்தால் அல்லவா எடுப்பதற்கு.

கொஞ்ச காலமாகப் பாடத்தின் தலைப்பு மாறியிருந்தது. எங்கோ எதையோ படித்துவிட்டு, மாதா மாதம் சந்தா கட்டித் தேடுகிற ஒரு தேடுபொறியில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊர் உலகமெல்லாம் ஓசியில் தேடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் காசு கட்டித் தேடினார். அதோடு விட்டாரா? தேடாதவர்களையும் பிடித்து வைத்துச் சொன்னார்.

“ஓசியில குடுக்கறவன் சும்மா குடுப்பானா? நம்மளத்தான் விக்கிறான் சார். நீங்க தேடறீங்கன்னு நினைக்கறீங்க. அவன்தான் உங்களத் தேடிட்டிருக்கான்.”

சைக்கிள் பூட்டின் சாவியைத் தொலைத்துவிட்டு, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவரிடம்தான் இதைச் சொன்னார். பாவம், அந்த மனுஷன் சைக்கிளை இறக்கி வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

அந்தச் சந்தா ஒன்றும் குடும்பத்தைக் கவிழ்க்கிற தொகை இல்லை. அவர் அதை வைத்துக்கொண்டு எதைத் தேடினார் என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். அறிவு வளர்க்கவா தேடினார்? தொழில் கற்கவா? தன்னையே தேடினார்! காலையில் ஷட்டரைப் பாதி தூக்கியும் தூக்காமலும் குனிந்து உள்ளே வந்து, கல்லாவிலிருக்கிற கணினியைத் திறந்து, ‘வீட்டுப் பூட்டுத் திறக்க ஆள்’ என்று தட்டி, பக்கத்தில் தங்கள் பேட்டையின் பெயரையும் போட்டு, தன் கடை எத்தனாவது இடத்தில் வருகிறது என்று பார்ப்பார். எங்கோ கீழே, கதவு விற்கிறவன், ஜன்னல் விற்கிறவன் எல்லோருக்கும் அடியில் கிடக்கும். உடனே ஆரம்பித்துவிடுவார்.

“காசையும் வாங்கிக்கிட்டு இவனும் நம்மளக் கீழ தள்ளிட்டான் பாரு.”

“யாரு தேடினாங்க, யாரு தள்ளினாங்க? டீ ஆறுது, குடிங்க” என்பாள் அவள்.

இந்தப் புலம்பல் நாள் தவறாமல் நடந்தது. இருமலைப் போல, கேட்கிறவர்களுக்குத்தான் நரகம். ஒரு நாள் அவர் கார்க் கதவு ஒன்றைத் திறக்கப் போயிருந்தபோது அவள் பொறுமை தீர்ந்துபோனது. அந்தத் தேடுபொறியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து பார்த்தாள். காசு கட்டுகிறவர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. பிடிக்காத தளத்தை ஒரேயடியாக மறைத்துவிடலாம், பிடித்த தளத்தை எப்போதும் முதலில் வரும்படி நிறுத்தி வைத்துவிடலாம். மறைத்த பட்டியலைப் பார்த்தவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. போட்டிக் கடைகள் அத்தனையும் அதில் இருந்தன. அவருக்குப் பிடிக்காத செய்தித்தாள்கள் இருந்தன. அவளுடைய அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கிற குடியிருப்பு வளாகத்தின் தளம்கூட இருந்தது. சகலை மேல் உள்ள கடுப்பை மனுஷன் எங்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார் பாருங்கள்!

அவள் தங்கள் கடையின் தளத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி வைத்தாள். அழுகிற குழந்தையின் வாயில் ரப்பரைத் திணிக்கிற மாதிரிதான் செய்தாள். மறுநாள் காலை அவர் தட்டிப் பார்த்தார். கடை முதலில் நின்றது. ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய் இயந்திரத்தைத் துடைத்தார். அன்றிலிருந்து புலம்பல் நின்றது. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிற ஆளோடா இத்தனை வருஷம் வாழ்ந்தோம் என்று அவளுக்கு இளக்காரமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நிம்மதியை யாராவது தூக்கி வெளியே எறிவார்களா?

அந்த நிம்மதி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து விடிந்தது.

அக்கா வீட்டுக்காரர் அந்தக் குடியிருப்பு வளாகத்தின் நிர்வாகி. கட்டிடம் கட்டிடமாக வீடுகள், வீடு வீடாகக் கதவுகள். அத்தனை கதவுக்கும் பூட்டுக்கும் பொறுப்பாக ஒரு ஆளைப் போடுவதென்று முடிவாகியிருந்தது. மாதச் சம்பளம், லீவு, வைத்தியச் செலவு எல்லாம் உண்டு. பேராசிரியர் தலையாட்டினால் அவருக்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். அவள் அந்த வேலைக்காக உள்ளுக்குள் தவமே இருந்தாள். கடை வாடகை கட்டுவதற்கே கடை நடத்துகிற நிலைமைக்கு வந்து வெகு காலம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் மூச்சுப் பிடிக்காமல் ஒரு தடவையாவது தூங்க வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

அக்கா வீட்டுக்காரரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. எதையும் போனிடம் சத்தமாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். குடை எடுத்துக்கொண்டு போகலாமா என்று போனைக் கேட்பாரே தவிர, ஜன்னலைத் திறந்து பார்க்க மாட்டார். உதவி செய்கிறவர்தான், ஆனால் உதவியை ஊசியோடு சேர்த்துத்தான் கொடுப்பார். சாப்பாடு பாதியில் இருக்கும்போது அந்தப் பேச்சை எடுத்தார்.

“ஏன் சகலை, தேடறதுக்குக் காசு கட்டறீங்களாமே? வீட்டுக்குள்ளயே குழாய்ல தண்ணி வருது, நீங்க பாட்டில் வாங்கிக் குடிக்கறீங்க.”

“குழாய்ல என்ன வருதுன்னு என்னைக்காவது உத்துப் பாத்திருக்கீங்களா, சகலை?” என்றார் பேராசிரியர்.

“நாங்க இத்தன வருஷமாக் குடிக்கறோம். சாகலையே?”

“அது உங்களுக்குத் தெரியாது.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “சரி, வெச்சுப் பாத்துடலாம். வெளிக் கதவு பூட்டிக்கிச்சு, சாவி உள்ள மாட்டிக்கிச்சு. நீங்க உங்க காசுல தேடுங்க, நான் என் ஓசில தேடறேன்” என்று போனை எடுத்தார். இரண்டு பேரும் எச்சில் கையோடு இடது கையால் தட்டினார்கள். இந்த வயசில் இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு இது ஒரு பந்தயம்.

அக்கா வீட்டுக்காரரின் போனில் விளம்பரங்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் பேட்டையிலேயே இருப்பதாகப் பீற்றிக்கொள்கிற, ஆனால் கடையே இல்லாத கும்பல்கள். எங்கோ உட்கார்ந்து ஒருத்தன் போனை எடுப்பான், இன்னொருத்தன் வேனில் வருவான். பூட்டைத் திறக்கத் தெரியாது, டிரில் போட்டுத் துளைக்க மட்டும் தெரியும். துளைத்துக் கெடுத்துவிட்டுப் புதுப் பூட்டை அவனே விலை வைத்து மாட்டுவான்.

பேராசிரியர் தன் போனை மேஜை மேல் வைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பினார். முதலில், அத்தனைக்கும் மேலே, அவர் கடை.

“யாரு முதல்ல இருக்கா, பாத்தீங்களா?”

அக்கா வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அவள் அவசரமாகக் கரண்டியை எடுத்து, கேட்காமலேயே எல்லோருக்கும் சோறு போட ஆரம்பித்தாள்.

“முதல்ல நிக்கற கடைய இழுத்து மூடிட்டு, நான் வந்து உங்க வளாகத்துல தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடணுமா, சகலை? நல்லா இருக்கே!”

“உங்க இஷ்டம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு” என்று அக்கா வீட்டுக்காரர் முகத்தைத் தட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஆளை என்ன சொல்வது? ஒரு பொம்மையைக் காட்டியதற்கு, அதுதான் ராஜ்யம் என்று நம்பி, கைக்கு வந்த சோற்றை எட்டி உதைக்கிற ஆளை! பொம்மையைக் கொடுத்தது யார் என்ற கேள்வி நடுவில் எட்டிப் பார்த்தது. அதை அவள் உள்ளே விடவில்லை. அவர் பாட்டுக்கு, சகலையின் கண்ணாடி நெற்றியில் ஏறியதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை கடைக்கு ஒரு டீச்சர் வந்தாள். எதிர்க் கட்டிடத்தில், இரண்டாவது மாடியில் குடியிருப்பவள். அவள் வீட்டுப் பால்கனியில் நின்றால் இவர்கள் கடையின் பெயர்ப் பலகைதான் கண்ணில் படும். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில், நடுவில் ஓட்டை விழுந்த பூட்டின் உட்பகுதியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முந்தின நாள் கதவு சாத்திக்கொண்டுவிட்டதாம். வாசலில் நின்றபடியே போனில் தேடி, முதலில் வந்த நம்பருக்கு அடித்திருக்கிறாள். வேன்காரன் வந்து துளைத்துவிட்டு, ஒரு மட்டமான பூட்டை மாட்டி, கேட்டதை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது அந்தப் பூட்டு உள்ளேயிருந்து திறக்க மாட்டேன் என்கிறது.

“நல்ல பூட்டா ஒண்ணு போட்டுக் குடுங்களேன், சார்” என்றாள்.

வேறு எந்தக் கடைக்காரனாக இருந்தாலும் பூட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படியேறியிருப்பான். பேராசிரியர் பையிலிருந்ததை எடுத்து, ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்து அவளைப் பார்த்தார்.

“முதல்ல வந்ததை ஏன் அழுத்தினீங்க?”

“அவசரத்துல என்ன சார் தெரியும்?”

“பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறவங்க நீங்க. மேல இருக்கறது காசு குடுத்து நிக்குதா, தகுதியில நிக்குதான்னு பாக்க வேண்டாமா? ஓசில தேடினா ஓட்டைதான் கிடைக்கும்.”

டீச்சரின் முகம் சிவந்துபோனது. பையை வாங்கி மடித்துக்கொண்டு, “நான் பூட்டு வாங்க வந்தேன், சார். திட்டு ஸ்கூல்லயே தினமும் கிடைக்குது” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அன்றைக்குக் கடைக்கு வந்த ஒரே வாடிக்கையாளர்!

பேராசிரியரின் மனைவி செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாள். “டீச்சர், மன்னிச்சிடுங்க. ஒண்ணே ஒண்ணு. நேத்து எப்படித் தேடினீங்க, உங்க போன்ல கொஞ்சம் காட்டுங்களேன்.” டீச்சர் வேண்டாவெறுப்பாகக் காட்டினாள். இருவரும் தெருவோரத்தில் நின்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். வேன்காரர்கள் வந்தார்கள். பக்கத்துப் பேட்டைக்காரர்கள் வந்தார்கள். எப்போதோ மூடிப்போன ஒரு கடைகூட வந்தது. இவர்கள் கடை வரவே இல்லை.

“நீங்க பூட்டும் திறப்பீங்களா? சாவி மட்டும்தான் வெட்டுவீங்கன்னு நெனச்சேன்” என்றாள் டீச்சர். கடைக்கு நேர் எதிரே குடியிருக்கிறவள் சொல்கிறாள் இதை.

பேராசிரியரின் மனைவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. இன்று உடைத்துப் பேசாவிட்டால் அந்த வேலை போய்விடும். பிறகு சாகும்வரை இந்தச் சந்துக்குள் உட்கார்ந்து, அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு, அவர் பாடத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சாயங்காலம் ஷட்டரை இறக்கப் போன அவரைத் தடுத்து, அவள் தன் போனில் தேடி வைத்திருந்ததை அப்படியே அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். எப்படியெல்லாம் பேச வேண்டும் என்று மத்தியானம் முழுக்க மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தாள். அத்தனை வருஷத்து ஏளனமும் அதில் இருந்தது.

“பாருங்க. நல்லாப் பாருங்க. ஊர்ல எல்லாரும் தேடற இடத்துல தேடியிருக்கேன். உங்க கடை எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்.”

அவர் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “தெரியும். இல்ல” என்றார்.

“என்ன தெரியும்?”

“அதுல நம்ம கடை இல்லன்னு தெரியும். எவ்வளவோ பக்கம் தள்ளிப் பாத்திருக்கேன். அதுக்கப்புறம்தானே காசு கட்டினேன். காசு கட்டற இடத்துலயாவது எங்கயாவது இருக்கமான்னு பாக்கத்தான்.” ஷட்டரின் கைப்பிடியை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “அங்க இருந்தோம். கீழதான். ஆனா இருந்தோம்.”

மத்தியானம் அவள் தயார் செய்து வைத்தது எல்லாம் வேறு ஆளுக்கு.

“அப்ப உங்க சகலைகிட்ட முதல்ல இருக்கோம்னு அளந்தீங்களே?”

“அவரு பாட்டில் தண்ணின்னு நக்கல் பண்ணினாரு. விட்டுக்குடுக்க மனசு வரல.” கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். “நம்ம கடை பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊசிக் குறி இருக்கும். நாமளா நிறுத்தி வெச்சதுன்னு அர்த்தம். முதல் நாளே பாத்தேன். நான் வெக்கல. இந்தக் கணினியத் தொடறது வேற யாரு?”

அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

“நான் உன்னை என்னமோன்னு நெனச்சிருந்தேன். கடைன்னாலே உனக்கு ஆகாதுன்னு. அன்னைக்கு அதப் பாத்ததும்தான் புரிஞ்சது, இவளுக்கும் இந்தக் கடை முதல்ல நிக்கணும்கற ஆசை இருக்கு, வாயால சொல்லத் தெரியாம இப்படிச் செஞ்சிருக்கான்னு. அதான் அந்த வேலையே வேண்டாம்னேன். இல்லாட்டி எனக்கென்ன, நான் அடுத்த நாளே போயிருப்பேன்.”

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். ஆமாம் என்று பொய் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, சந்தோஷமாக ஷட்டரை இறக்குவார். வெள்ளிக்கிழமை போய்விடும்.

“உங்க புலம்பல் தாங்கல” என்றாள். “வாயை அடைக்கத்தான் வெச்சேன்.”

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். பாடம் எடுக்கவில்லை. கோபமும் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்குப் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியாவது ஆறியிருக்கும். “ஓ” என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சகலையின் நம்பரை அழுத்தினார்.

“சகலை, நான்தான் பேசறேன். அந்த வேலை இன்னும் இருக்கா?”

இப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அந்தப் பக்கம் பேசுவது போனை மீறி வெளியே கேட்டது. அக்கா வீட்டுக்காரர் எதையும் சத்தமாகத்தான் பேசுவார்.

“வாங்க பேராசிரியரே! உங்க முதல் இடம் என்ன ஆச்சு?”

“அது சும்மா, சகலை. நானே மேல தூக்கி வெச்சுக்கிட்டது.”

“என்னது?”

“காசு கட்டினா அப்படி ஒரு வசதி இருக்கு. நம்ம கடைய நாமளே முதல்ல நிறுத்திக்கலாம். நான்தான் நிறுத்தி வெச்சேன்.”

அக்கா வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். “அடியே, இங்க வாயேன், இதக் கேளேன்! காசு கட்டித் தனக்குத் தானே முதல் பரிசு குடுத்துக்கிட்டாராம்!” அக்காவின் சிரிப்பும் வந்து சேர்ந்துகொண்டது. இனி எந்தச் சாப்பாட்டு மேஜையிலும் இந்தக் கதை ஓயாது. வளாகத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அங்கிருக்கிற காவலாளிகள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நான்தான் வைத்தேன் என்று போனைப் பிடுங்கிச் சொல்ல அவளுக்குக் கை பரபரத்தது. கல்லாவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. மாதச் சம்பளம், லீவு, வைத்தியச் செலவு. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவர் போனைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“சிரிச்சு முடிங்க, சகலை. நான் லைன்லயே இருக்கேன்.”